மாரிக்கு முன் பீலியும் தாங்கியும்: கூரை மழையைச் சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு மாவட்டக் களுவாஞ்சிகுடியில் எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர் தை மாதம் வாயில் வைக்க நன்றாக இருக்கும். ஆடி, ஆவணி வந்தால் சவர்க்கும். தேத்தண்ணி ஊற்றினால் ருசியே மாறிவிடும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள இந்த மணல் நிலத்தில் பல வீடுகளில் இதே கதைதான். அதே வீடுகளின் கூரையிலிருந்து மாரியில் ஆயிரக்கணக்கான லீற்றர் நல்ல தண்ணீர் கொட்டி, தாவாரத்துக்குக் கீழே மணலில் குழி பறித்துக்கொண்டு ஓடிப்போகும்.

அந்தத் தண்ணீரைப் பீலி (தாவார விளிம்பில் மாட்டும் நீளத் தொட்டி) கட்டித் தாங்கியில் சேர்க்கும் வேலையை எங்கள் வீட்டில் செய்தேன். அப்புறம் சொந்தக்காரர், அயலவர் என்று இன்னும் ஐந்து வீடுகளில் கூடநின்று செய்திருக்கிறேன். பெரிய கைத்தொழில் தெரிய வேண்டியதில்லை. ஏணியில் ஏற ஒருவர், கீழே ஏணியைப் பிடிக்க ஒருவர், நான்கைந்து சனி ஞாயிறு போதும்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கடையில் பீலியைக் கண்டதும் வாங்கி வந்து முதலில் அதை மாட்டிவிடுகிறார்கள். தாங்கியை எங்கே வைப்பது என்று அதற்குப் பிறகுதான் தேடுகிறார்கள். தண்ணீர் மேலிருந்து கீழே வரும். வேலை கீழிருந்து மேலே போக வேண்டும். நிரம்பி வழியும் தண்ணீர் போகும் இடம் தெரிந்தால்தான் தாங்கியின் இடம் தெரியும். தாங்கியின் இடம் தெரிந்தால்தான் பீலி எந்த மூலைக்குச் சரிய வேண்டும் என்று தெரியும். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன. மாற்றிச் செய்ய வேண்டாம்.

1. ஆவணியிலேயே தொடங்குங்கள்

மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரையான மாரியிலேயே கொட்டிவிடும். ஆகவே செப்டெம்பர் முடிவதற்குள் கடைசி மூட்டும் ஒட்டி முடிந்திருக்க வேண்டும்.

பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். தாங்கி நிற்கும் மேடைக்குப் போடும் கொங்கிறீட் ஏழு நாளாவது ஈரத்தில் இருந்து இறுக வேண்டும். பிவிசி பசை ஈரமான குழாயில் பிடிக்காது. ஈர ஓட்டருகே ஏணியில் நின்று ஆணி முறுக்குவது ஆபத்து. மழை தொடங்கியபின் இறங்கிய இரண்டு வீடுகளில் வேலை தை மாதம்தான் முடிந்தது. அந்த வருட மழை முழுதும் வீணாகிவிட்டது.

2. கூரையைப் பாருங்கள், அளவெடுங்கள்

முழுக் கூரைக்கும் பீலி கட்ட வேண்டும் என்றில்லை. முதல் முறைக்கு ஒரு பக்கச் சரிவு போதும். எந்தப் பக்கம் என்று தெரிய மூன்று விடயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் எந்தத் தாவாரத்தில் பிடித்திருக்கிறது? அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். பீலியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் நிற்கும்போது கண் பீலியில் இருக்கும், வயரில் இருக்காது.

இரண்டாவது, மரம். வேம்பும் முருங்கையும் கூரைக்கு மேலே கிளை விட்டிருந்தால் வெட்டிவிட வேண்டும். தென்னோலை விழுந்தால் கையால் எடுத்துவிடலாம். வேப்பிலையும் முருங்கையிலையும் அப்படியில்லை. சின்னதாக உதிர்ந்து, ஈரத்தில் ஒட்டி, பீலியின் வாயை அடைத்துவிடும். காகமும் வௌவாலும் வந்து உட்காருவதும் அந்தக் கிளைகளில்தான்.

மூன்றாவது, கூரை எதனாலானது என்பது. ஓடும் நல்லது, துருப்பிடிக்காத தகரச் சீற்றும் நல்லது. பழைய அஸ்பெஸ்டோஸ் சீற்றாக இருந்தால் அந்தத் தண்ணீரைக் கழுவல், குளியல், தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அஸ்பெஸ்டோசை உலர்ந்தபடி சுரண்டவோ, வெட்டவோ, துளைக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதி.

எல்லாம் ஒத்து வந்தால் வடக்கு அல்லது கிழக்குப் பக்கச் சரிவை எடுங்கள். வாடைக் காற்றோடு சாய்ந்து வரும் மாரி மழை அந்தப் பக்கங்களில் கூடுதலாக அடிக்கும்.

இப்போது கணக்கு. சரிவின் நீளத்தை ஏறி அளக்க வேண்டாம். அந்தச் சரிவு நிலத்தில் எவ்வளவு இடத்தை மூடுகிறதோ அதுதான் கணக்கு. தாவாரம் நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 அடி நீளம், 12 அடி அகலம் என்றால் 240 சதுர அடி, ஏறக்குறைய 22 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். ஓடு உறிஞ்சுவது, தெறிப்பது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 50 மில்லிமீற்றர் பெய்தால் இந்த ஒரு பக்கத்திலிருந்தே 880 லீற்றர் வந்துவிடும்.

ஆகவே 1,000 லீற்றர் தாங்கி இரண்டு நல்ல மழையில் நிரம்பும். நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒரு நாளைக்கு 20 லீற்றர் எடுத்தால் 50 நாள் போகும். எடுத்த எடுப்பில் 5,000 லீற்றர் தாங்கி வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, முதல் வருடம் 1,000 போதும் என்பதுதான். இடமும் பீலியின் வாட்டமும் (சரிவும்) சரி என்று தெரிந்தபின் பக்கத்தில் இன்னொன்று வைத்து இரண்டையும் இணைக்கலாம். அதற்கு இடம் மட்டும் இப்போதே விட்டுவையுங்கள்.

3. நிரம்பிய பிறகு தண்ணீர் எங்கே போகும்?

எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. ஒரு மாமி வீட்டில் வேலை தொடங்கிய அன்று கேட்டேன்.

"மாமி, தாங்கி நிரம்பினா மறுகா வாற தண்ணி எங்க போகும்?"

"அது அங்கால எங்கயும் போகும் மகன். மணல்தானே."

அந்த "அங்கால" அடுக்களைச் சுவரின் அத்திவாரம். நாங்கள் தாங்கியை மற்ற மூலைக்கு மாற்றினோம். தாங்கி நிரம்புவது ஓரிரு நாள் வேலை. அதன் பிறகு மாரி முழுவதும் வழிவதுதான் நடக்கும். சேர்வதைவிடப் பல மடங்கு தண்ணீர் வழிந்துதான் போகப்போகிறது. சுவரடியில் தினமும் விழுந்தால் மணல் அரித்து அத்திவாரம் வெளியே தெரிந்துவிடும்.

வழிகிற தண்ணீரை நிலத்துக்குள் இறக்குவதுதான் எங்கள் மண்ணுக்கு நல்லது. இந்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர், பாரம் கூடிய உவர்த் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக மிதக்கிறது. மழை இறங்க இறங்க அந்தப் படை தடிக்கும். கோடையில் நாம் இறைக்க இறைக்க மெலியும். கூரைத் தண்ணீர் வளவுக்குள்ளேயே இறங்கினால் அந்தப் படைக்குத்தான் சேரும்.

அதற்கு வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, மூன்றடி நீள, அகல, ஆழத்தில் ஒரு குழி. உடைந்த செங்கல்லும் பெரிய சல்லியும் போட்டு நிரப்புங்கள். பொச்சுமட்டை போட வேண்டாம். அது உக்கி இறங்கிவிடும்.

குழி வெட்டுமுன் கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். உள்ச் சுவரில் பாசி பிடித்த கோடு ஒன்று இருக்கும், அதற்குமேல் சுவர் வெளிறித் தெரியும். மார்கழியில் தண்ணீர் ஏறி நின்ற மட்டம் அது. அந்தக் கோடு நில மட்டத்திலிருந்து நான்கடிக்குள் இருந்தால் குழி வெட்டிப் பயனில்லை. மாரியில் அதற்குள் நிலத்தடித் தண்ணீரே நிற்கும். அப்படியான வளவில் வழியும் தண்ணீரை வாழைப் பாத்திக்கோ ஒழுங்கைக் கானுக்கோ குழாயில் கொண்டுபோய் விடுங்கள்.

இரண்டு இடங்களுக்கு மட்டும் விடக்கூடாது. மலசலகூடக் குழியருகே விட்டால் அங்குள்ள அழுக்கைத் தள்ளிக்கொண்டு கிணற்றுக்குப் போகும். நேரே கிணற்றுக்குள்ளும் விடாதீர்கள். காக எச்சமும் இலையும் அப்படியே கிணற்றில் சேரும். மணல் வடித்துத் தரட்டும்.

4. மேடை

ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஒரு தொன் எடை. அதைத் தாங்குவது மரச் சட்டமோ அடுக்கிய கல்லோ அல்ல. மேடைக்காகச் செலவழிக்கும் நேரத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

உயரம் ஒன்றரை அடியாவது வேண்டும். வாளி பைப்புக்குக் கீழே நிற்க வேண்டும், குடம் சரியாமல் பிடிக்க வேண்டும். 2011 தை மாத வெள்ளத்தில் உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பெரியவர்களிடம் கேட்டு, மேடையை அதற்கு மேலே எழுப்புங்கள். பாதி காலியான பிளாஸ்டிக் தாங்கி வெள்ளத்தில் மிதந்து குழாய்களைப் பிய்த்துவிடும்.

ஐந்தடிக்கு ஐந்தடி சதுரம் 1,000 லீற்றர் தாங்கிக்குத் தாராளம். மேல்மண்ணையும் வேரையும் ஒரு அடி ஆழத்துக்கு அள்ளி எறியுங்கள். அடியில் மூன்று அங்குலம் கொங்கிறீட் போட்டு, சுற்றிவரச் சீமெந்துக் கல்லால் சுவர் எழுப்பி, உள்ளே மணலால் நிரப்புங்கள்.

இந்த நிரப்பும் வேலையில்தான் நான் பிழை விட்டேன். மணலை ஒரேயடியாகக் கொட்டி, மேலே மட்டப்படுத்தி, கொங்கிறீட்டை ஊற்றிவிட்டேன். முதல் மாரியில் உள்ளே ஈரம் இறங்கி மணல் அமர, மேடையின் ஒரு பக்கம் ஒரு அங்குலம் இறங்கிவிட்டது. நிரம்பிய தாங்கி சாய்ந்து நின்றதைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவ்வளவு தண்ணீரையும் திறந்துவிட்டுத் திரும்பக் கட்டினேன். ஆகவே மணலை ஆறு அங்குலம் ஆறு அங்குலமாகப் போடுங்கள். ஒவ்வொரு படைக்கும் தண்ணீர் தேங்கும் அளவுக்கு ஊற்றி, வடிந்தபின் கட்டையால் இடித்து, அதன் பிறகு அடுத்த படை.

மேலே நான்கு அங்குலக் கொங்கிறீட். சீமெந்து ஒன்று, ஆற்று மணல் இரண்டு, சல்லி நான்கு. இந்த அளவுக்கு ஒன்றரை மூடை சீமெந்து போகும். நடுவில் கம்பி வலை வையுங்கள். கடற்கரை மணல் வாசலிலேயே கிடக்கிறது என்று அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைத்து கொங்கிறீட்டை வெடிக்கச் செய்யும். மேற்பரப்பைக் கண்ணாடிபோலத் தேய்த்து விடுங்கள். ஒரு சின்னச் சல்லி துருத்திக்கொண்டிருந்தாலும் ஒரு தொன் பாரம் அந்தப் புள்ளியில் தாங்கியின் அடியை அழுத்திக் கீறிவிடும்.

ஏழு நாள் ஈரச் சாக்கால் மூடி, காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள்.

5. மேடை இறுகும் வாரத்தில் வாங்க வேண்டியவை

இடமும் அளவும் இப்போது கையில் இருக்கின்றன. இனிக் கடைக்குப் போகலாம். கறுப்பு அல்லது வெளிச்சம் ஊடுருவாத தாங்கி (வெளிச்சம் போனால் உள்ளே பாசி பிடிக்கும்). பிவிசி பீலி, அதற்கான கொளுக்கிகள், இணைப்பு, இரண்டு முனை மூடி, வாய் ஒன்று. 90 மில்லிமீற்றர் குழாயும் எல்போக்களும். 110 மில்லிமீற்றர் குழாய் ஐந்தடி, அதற்கு ஒரு டி மூட்டும் மரை போட்ட மூடியும். தாங்கிக்கான நிப்பிள், ரப்பர் வாசர், பைப், திரெட் சீல் டேப், பிவிசி பசை. துருப்பிடிக்காத நுளம்பு வலை. நைலோன் வலை வெயிலில் ஒரு வருடத்தில் பொரிந்து உதிர்ந்துவிடும்.

திருகாணி எல்லாம் ஸ்ரெயின்லெஸ் ஆக இருக்கட்டும். விலை கூடத்தான். கடற்காற்றில் சாதாரண ஆணி இரண்டு மாரியில் சிவந்து உளுத்துப்போகிறது. அதோடு பீலியும் தொங்கும்.

கருவிகளில் அரம், டிறில், அளவு நாடா, நூல் எல்லாம் வீட்டில் இருக்கும். மேசன்மார் மட்டம் பிடிக்கும், உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மட்டும் இரவல் வாங்குங்கள். அது இல்லாமல் ஏழாவது படியைத் தொட வேண்டாம்.

6. தாங்கியை வைத்துத் துளை போடுதல்

துளை போட்டபின் தாங்கியைத் திருப்ப முடியாது. முதலில் மேடையில் வைத்து, பைப் எந்தப் பக்கம், வழியும் குழாய் எந்தப் பக்கம் என்று கரியால் குறித்துவிட்டு, இறக்கித் துளையுங்கள்.

பைப் துளை அடியிலிருந்து நான்கு அங்குலம் மேலே. கீழே படியும் மண்டி அசையாமல் கிடக்கும், வாளிக்குள் வராது. ரப்பர் வாசர் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. கையால் இறுக்கியபின் சாவியால் அரைச் சுற்று போதும்; அதற்குமேல் முறுக்கினால் வாசர் பிதுங்கி அங்கேயே ஒழுகும்.

வழியும் குழாயின் துளை மூடிக்குச் சற்றுக் கீழே. அதன் பருமன் உள்ளே வரும் குழாயின் பருமனேதான்: 90 வந்தால் 90 போக வேண்டும். மூன்று வீடுகளில் ஒரு அங்குலக் குழாய் போட்டிருந்தார்கள். மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் ஒரு மழை கொட்டினால் நமது 22 சதுர மீற்றர் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 35 லீற்றருக்கு மேல் வரும். சின்னக் குழாயால் அது போகாது. மூடியைத் தூக்கிக்கொண்டு சுற்றிவர வழிந்து, மேடையைச் சுற்றி மணலை அரிக்கும்.

உள்ளே வரும் துளை, வழியும் குழாயின் முனை, இரண்டுக்கும் நுளம்பு வலை கட்டுங்கள். மாரியோடு டெங்கும் வரும் ஊர் இது. மூடி தேய்ந்து இடைவெளி விட்டாலும் நுளம்பு இறங்கிவிடும், அதையும் பாருங்கள்.

உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வீட்டில் இருந்தால் அந்த லைனோடு இந்தத் தாங்கியை எந்த இடத்திலும் இணைக்காதீர்கள். மழைத் தண்ணீர் பின்னோக்கிப் போய் ஊர்த் தண்ணீரில் கலக்க விடக்கூடாது.

7. பீலிக்கு வாட்டம் பிடித்தல்

இரண்டு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் இறக்கம். 20 அடிப் பீலிக்கு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 3 சென்ரிமீற்றர். வாட்டம் குறைந்தால் தண்ணீர் தேங்கி நுளம்பு முட்டையிடும். கூடினால் தாழ்ந்த முனையில் பீலி ஓட்டு விளிம்பை விட்டு விலகி, கடும் மழையில் தண்ணீர் அதைத் தாண்டி வெளியே பாயும்.

இங்கே எல்லாரும் விடும் பிழை, தாவாரப் பலகையின் விளிம்பிலிருந்து அளப்பது. பலகை மட்டமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். எங்கள் வீட்டுப் பலகை பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. குழாய் வைத்துப் பார்த்தால் இரண்டு அங்குலம் எதிர்ப் பக்கம் சரிந்திருந்தது. பலகையைப் பார்த்து மாட்டியிருந்தால் தண்ணீர் தாங்கிக்கு எதிர்த் திசையில் ஓடியிருக்கும்.

மட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பும்போது உள்ளே காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது. வெயிலுக்கு எதிரே பிடித்தால் குமிழ் வெள்ளி மணிபோல மினுங்கும். குழாயை விரலால் தட்டித் தட்டி மேலே ஏற்றி வெளியேற்றுங்கள். ஒரு குமிழ் நின்றாலே மட்டம் பொய் சொல்லும். ஒருவர் உயர் முனையில், ஒருவர் தாழ் முனையில். தண்ணீர் அசைவு நின்றபின் இரு பக்கமும் பென்சிலால் கோடு. தாங்கிப் பக்கக் கோட்டிலிருந்து 3 சென்ரிமீற்றர் கீழே இன்னொரு கோடு. உயர் முனையின் கோட்டிலிருந்து அந்தக் கீழ்க் கோட்டுக்கு நூலை இழுத்துக் கட்டுங்கள். இனி அந்த நூலைத்தான் கொளுக்கிகள் பின்பற்ற வேண்டும், பலகையை அல்ல.

8. பீலியை மாட்டுதல்

ஏணியின் கால் மணலில் புதையும். அடியில் ஒரு பலகை போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். ஒருவர் பிடித்தே இருக்க வேண்டும்.

முதல் கொளுக்கி உயர் முனையில், இரண்டாவது தாழ் முனையில், அப்புறம் நடுவிலுள்ளவை இரண்டடிக்கு ஒன்று. மூன்றடி விட்டால் செலவு குறையும் என்று பார்த்தவர்களின் பீலி தண்ணீர்ப் பாரத்தில் நடுவில் தொய்ந்தது. பலகை உக்கியிருந்தால் அதை மாற்றுங்கள், அல்லது கைமரத்தின் நுனியிலேயே கொளுக்கியை முறுக்குங்கள். திருகாணி ஒன்றுக்குப் பதில் இரண்டு போடுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பார் யாரிடம் கேட்டாலும் காற்று கூரையை என்ன செய்யும் என்று சொல்வார்கள்.

ஓட்டின் விளிம்பு பீலிக்குள் மூன்றில் ஒரு பங்கு நீட்டியிருக்க வேண்டும். குறைந்தால் சிறு தூறல் ஓட்டின் அடியால் ஊர்ந்து பலகையை நனைக்கும். கூடினால் கொட்டும் மழை பீலியைத் தாண்டும். பீலியின் முன் உதடு பின் உதட்டைவிட ஒரு விரல் தாழ்ந்திருக்கட்டும். ஒரு நாள் வாய் அடைபட்டு நிரம்பினாலும் தண்ணீர் முற்றத்தில் விழும், சுவரில் இறங்காது.

பிவிசி வெயிலில் நீளும். காலைக் குளிரில் அளந்து முனையைச் சுவரோடு ஒட்ட வைத்தால் பகலில் நீள இடமில்லாமல் வளைந்து கொளுக்கியை விட்டுக் கழன்றுவிடும். இரு முனையிலும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். பீலித் துண்டுகள் சேரும் இணைப்பில் ரப்பர் இருந்தால் பசை போட வேண்டாம். அது நகர்வதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

வாய்க்கு மேலே ஒரு வலைக் கூடை போதும். பீலியின் முழு நீளத்துக்கும் வலை விரிப்பதை நான் விட்டுவிட்டேன். இலை வலையின்மேல் ஒட்டி, காய்ந்து, ஒரு பாய்போலாகி, தண்ணீர் அதன்மேலால் ஓடிவிடுகிறது.

9. இறங்கும் குழாயும், முதல் மழையைக் கழிக்கும் குழாயும்

மழை தொடங்கியதும் வரும் தண்ணீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள். பால் விடாத தேத்தண்ணி நிறம். தூசி, பாசி, எச்சம், கடலிலிருந்து வந்து படிந்த உப்பு எல்லாம் அதில் இருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பிடித்தால் கோப்பையின் அடி தெளிவாகத் தெரியும். அந்த முதல் தண்ணீர் தாங்கிக்குப் போகக் கூடாது.

அதற்கு வழி சுலபம். பீலியின் வாயிலிருந்து இறங்கும் குழாய் தாங்கிக்குத் திரும்பும் இடத்துக்கு முன் டி மூட்டைப் போட்டு, அதிலிருந்து நேர் கீழே 110 மில்லிமீற்றர் குழாயைத் தொங்க விடுங்கள். அடியில் மரை மூடி. முதலில் வரும் தண்ணீர் கீழே விழுந்து இந்தக் குழாயை நிரப்பும். அது நிரம்பியபின் வருவதுதான் தாங்கிப் பக்கம் திரும்பும்.

எவ்வளவு கழிக்க வேண்டும்? குறைந்தது அரை மில்லிமீற்றர் மழை. 22 சதுர மீற்றருக்கு 11 லீற்றர். ஐந்தடி நீளமான 110 குழாய் ஏறக்குறைய 12 லீற்றர் கொள்ளும். மரம் நெருங்கிய வீட்டுக்கு இரண்டு குழாய் வையுங்கள்.

மழை விட்டபின் இந்தக் குழாய் காலியாக வேண்டும். நிரம்பியபடி நின்றால் அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் நேரே தாங்கிக்குப் போகும். மூடியில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டால் தானாகச் சொட்டி வடியும். அந்தத் துளையை மணல் அடைக்கும். வாரத்துக்கு ஒரு தடவை மூடியைக் கழற்றிக் கழுவ வேண்டும். குழாயைச் சுவரோடு வளையம் போட்டுப் பிடியுங்கள், நிரம்பினால் 12 கிலோ தொங்கும்.

ஒட்டும் ஒழுங்கு: எல்லாக் குழாயையும் பசையில்லாமல் முதலில் கோத்துப் பாருங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் குறுக்கே பென்சில் கோடு இழுங்கள். கழற்றி, அரத்தாளால் தேய்த்து, உலர் துணியால் துடைத்து, இரு பக்கமும் பசை பூசி, கால் சுற்றுச் சுற்றித் தள்ளி, கோடு கோட்டோடு சேர்ந்ததும் அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். கோடு இல்லாமல் ஒட்டிய எல்போ பெரும்பாலும் கோணலாகத்தான் நிற்கும். பசை பிடித்தபின் வெட்டத்தான் வேண்டும். கழிக்கும் குழாயின் மூடியையும் தாங்கிக்குள் நுழையும் கடைசி முழத்தையும் ஒட்டாதீர்கள். கழுவுவதற்குக் கழற்ற வேண்டும்.

10. வாளித் தண்ணீரால் சோதனை

மழையை எதிர்பார்த்திருக்க வேண்டாம். உயர் முனையில் மெதுவாக ஒரு வாளி ஊற்றுங்கள். தண்ணீர் எங்கும் நிற்காமல் வாய்வரை ஓட வேண்டும். நின்ற இடத்தில் கொளுக்கியை ஒரு நூலளவு ஏற்றுங்கள் அல்லது இறக்குங்கள். அப்புறம் இரண்டு மூன்று வாளியை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றி மூட்டுகளைப் பாருங்கள். சொட்டும் இடத்தை ஈரத்திலேயே கரியால் குறித்து, மறுநாள் நன்றாகக் காய்ந்தபின் திருத்துங்கள்.

தாங்கிக்குள் ஐந்தாறு வாளி ஊற்றி ஒரு இரவு விடுங்கள். காலையில் பைப்பின் கீழே மேடை உலர்ந்திருந்தால் வாசர் சரி.

11. மாரியில்

கோடை முழுவதும் காய்ந்த கூரையின் தூசிக்குக் கழிக்கும் குழாய் ஒன்று போதாது. பருவத்தின் முதல் இரண்டு நல்ல மழைக்கும் தாங்கிக்குள் போகும் ஒட்டாத துண்டைக் கழற்றி, தண்ணீரை வெளியே விடுங்கள். மூன்றாவது மழையிலிருந்து சேருங்கள். பொறுமையில்லாமல் முதல் மழையையே பிடித்த வீட்டில் கார்த்திகையில் தாங்கியைத் திறந்தபோது அடியில் ஒரு விரல் தடிப்பில் கறுத்த சேறு. முழுதும் கொட்டிக் கழுவ வேண்டியதாயிற்று.

குடிக்க எடுப்பதைக் கொதிக்க வைத்து ஆற்றுங்கள். கண்ணுக்குத் தெளிவாக இருப்பது போதாது. எச்சத்தோடு வரும் கிருமி கண்ணுக்குத் தெரியாது. குளோரின் போட விரும்பினால் அளவை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை கூடை, கழிக்கும் குழாய், இரண்டு வலை. இவ்வளவும் பார்க்கக் கால் மணித்தியாலம் போகும். இலை கூடுதலாக உதிரும் நாட்களில் கூடையை இரண்டு நாளைக்கு ஒரு தடவை பாருங்கள்.

கார்த்திகை, மார்கழியில் காற்று எச்சரிக்கை வந்தால் தாங்கியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கட்டும். காலித் தாங்கி காற்றுக்கு உருளும். மாசியில் மழை விட்டதும் கடைசியாகப் பீலியைத் துடைத்து, கழிக்கும் குழாயின் மூடியைக் கழற்றியே வையுங்கள். சித்திரையில் திடீரென்று ஒரு மழை பெய்தால் அந்தத் தூசித் தண்ணீர் மணலில் போகட்டும். தாங்கியில் இருக்கும் தை மாதத் தண்ணீரோடு கலக்க வேண்டாம்.